மூணாவது மாடி பாத்ரூம்

அம்மாவுக்கு 67 வயது. இருபது வருடத்துச் சர்க்கரை, அதோடு பிரஷருக்குக் காலையில் ஒரு நீர் மாத்திரை. அதைப் போட்டால் மதியம் வரைக்கும் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதனால் உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்குத் துணியெடுக்கக் கிளம்புகிற நாளில் அம்மா அந்த மாத்திரையைத் தொடவே மாட்டாள், முதல் நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீரையும் குறைத்துக்கொள்வாள். இது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் தீபாவளி நெருக்கத்தில், விளக்குத்தூண் பக்கம் ஒரு பெரிய ஜவுளிக் கடையில், பட்டுச் சேலைப் பிரிவில் பாயில் உட்கார்ந்திருந்தவள் திடீரென்று என் முழங்கையைப் பிடித்து, "தாயி, இனிமே தாங்காது" என்று சொன்னபோதுதான் தெரிந்தது. தண்ணீர் குடிக்காமல் வந்தும் தாங்கவில்லை.

சேலை மடித்துக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டேன். இருபது வயதுகூட இருக்காது. "கஸ்டமருக்கு இங்க பாத்ரூம் இல்லக்கா, ஸ்டாஃபுக்கு மட்டும்தான். வெளிய போனா கார்ப்பரேஷன் பாத்ரூம் இருக்கும்" என்றாள். வெளியே என்றால் எது வெளியே? தீபாவளி சமயத்தில் மாசி வீதிகளின் கூட்டம் மதுரைக்காரர்களுக்குத் தெரியும். வண்டியை எங்கேயோ நிறுத்திவிட்டு, மைக்கில் போலீஸ்காரர் நகையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்வதைக் கேட்டபடி, தோளோடு தோள் இடித்துத்தான் நகர முடியும். முட்டிவலிக்காரியான அம்மாவைக் கூட்டிக்கொண்டு அந்தக் கூட்டத்தைத் தாண்டக் கால் மணி நேரமாவது ஆகும். அம்மாவிடம் அவ்வளவு நேரம் இல்லை. அந்தப் பெண் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், சேலைக் கொசுவத்தை இறுக்கிப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். அப்புறம் சூப்பர்வைசர் நிற்கிற பக்கம் ஒரு பார்வை. மடித்த சேலையைக் கீழே வைத்துவிட்டு, "எந்திரிங்கம்மா, பின்படி வழியாப் போயிருவோம்" என்றாள்.

அந்தப் பெண் முதலில் சொன்ன பதில் எனக்குப் புதிதில்லை. 2006-லிருந்து 2010 வரை நான்கு வருடம் இதே ஊரில், வேறொரு ஜவுளிக் கடையில், நானும் சேல்ஸ் கேர்ளாக இருந்தேன். என் நம்பர் 47. "கஸ்டமருக்கு இங்க பாத்ரூம் இல்ல" என்பதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கு கிடையாது. கர்ப்பிணிகளிடம் சொல்லியிருக்கிறேன். கல்யாணத்துக்கு முகூர்த்தப் பட்டெடுக்கக் கிராமத்திலிருந்து விடிகாலை பஸ் ஏறி வந்த கிழவிகளிடம் சொல்லியிருக்கிறேன். கடைக்காரர்கள் தங்கள் ஆட்களுக்கென்று வைத்திருக்கும் பாத்ரூமை வாடிக்கையாளருக்குத் திறந்துவிட வேண்டுமா என்ற பேச்சு வரும்போதெல்லாம் "இதென்ன கேள்வி, மனிதாபிமானம் வேண்டாமா" என்று ஒரு பக்கமும் "என் கடை, என் இஷ்டம்" என்று இன்னொரு பக்கமும் பேசுகிறார்கள். அந்த ஸ்டாஃப் பாத்ரூம் எப்படி இருக்கும் என்று இரண்டு பக்கமும் பார்த்ததில்லை என்பதுதான் என் வருத்தம். அதனால் முதலில் அதைச் சொல்கிறேன்.

எங்கள் கடையில் அது மூன்றாவது மாடியில் இருந்தது. வாடிக்கையாளர் ஏறுகிற படி இரண்டாவது மாடியோடு முடிந்துவிடும். அதற்கு மேலே குடோன். பின்பக்கம் ஒரு குறுகல் படி, ஒவ்வொரு திருப்பத்திலும் பிரிக்காத பேல்கள், சேலை அட்டைப்பெட்டிகள், உடைந்த பொம்மைகளின் கை கால்கள். குடோனைத் தாண்டிக் கடைசியில் இரண்டு கதவு, உள்ளே இரண்டும் இந்தியன் டைப். அறுபதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு அந்த இரண்டுதான். ஒன்றுக்குத் தாழ்ப்பாள் கிடையாது; சேலைப் பார்சல் கட்டுகிற நைலான் கயிற்றை ஆணியில் சுற்றி, உள்ளே இருக்கிறவள் அந்தக் கயிற்றின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டே உட்கார வேண்டும். மாடித் தொட்டியில் தண்ணீர் சாயங்காலம் நான்கு மணிக்குத் தீர்ந்துவிடும், அப்புறம் கீழேயிருந்து பக்கெட்டில் தூக்கிக்கொண்டு போவோம். குப்பைக்கூடை கிடையாது. மாதவிடாய் நாட்களில் பஞ்சை செய்தித்தாளில் சுற்றி, கவரில் போட்டு, பையில் வைத்து ஹாஸ்டலுக்கு எடுத்துப்போய்த்தான் போடுவோம். கழுவுவதற்கென்று தனியாக ஆள் வைக்கவில்லை. செக்‌ஷன்வாரியாக முறை வைத்து நாங்களே காலையில் கடை திறக்கும் முன் கழுவினோம். வாசலில் ஒரு மேஜை, அதில் கயிறு கட்டிய ஒரு நோட்டு. நம்பர், போன நேரம், வந்த நேரம். சாப்பாட்டு வேளை போக ஒரு நாளைக்கு இரண்டு தடவை, தடவைக்குப் பத்து நிமிடம். மாடி ஏறி இறங்கவே அதில் பாதி போய்விடும். மூன்றாவது தடவை போனால் சனிக்கிழமை சம்பளம் பேசும்போது சூப்பர்வைசர் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டுவார், எல்லோர் முன்னாலும்.

இந்த இடத்துக்கு ஒரு வாடிக்கையாளரை எப்படிக் கூட்டிக்கொண்டு போவாய்? போனால் முதலாளியின் மானம் போகும். கீழே ஏசி, கண்ணாடி, பன்னீர் தெளிப்பு, மேலே இப்படி. "கஸ்டமருக்கு இல்லை" என்ற உத்தரவு கூட்டத்துக்குப் பயந்தோ திருட்டுக்குப் பயந்தோ வந்தது என்று அந்த நான்கு வருடத்தில் எனக்குத் தோன்றியதே இல்லை. அந்த அறையை வெளியாள் யாரும் பார்த்துவிடக் கூடாது, அவ்வளவுதான். பார்த்தால் நாலு பேரிடம் சொல்வார்கள். எங்களை மனிதர்களாக நினைத்திருந்தால் அங்கே மறைப்பதற்கு எதுவுமே இருந்திருக்காது.

ஒரு தாயையும் மகளையும் சொல்ல வேண்டும். 2008-ஆக இருக்கலாம், ஆடித் தள்ளுபடி நேரம். அந்தப் பிள்ளைக்குப் பதினொன்று பன்னிரண்டு வயது. சுடிதார் பிரிவில் துணி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று ஒரு ஓரமாக ஒதுங்கினார்கள். அந்த அம்மா என்னிடம் வந்து காதோடு சொன்னார்: பிள்ளை இப்பத்தான் உட்கார்ந்திருக்கிறாள் போல, முதல் தடவை, கொஞ்சம் பாத்ரூம் காட்டுங்க. பிள்ளை தன் துப்பட்டாவைப் பின்பக்கமாக இறக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோடு சுவராக நின்றாள். அழவில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பொம்மைக்குப் போட்டிருந்த துணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். சூப்பர்வைசர் நான்கடி தள்ளி. என் அன்றைய இரண்டு தடவையும் முடிந்திருந்தது. நான் இல்லையென்று சொன்னேன். "பக்கத்துல ஓட்டல் இருக்கு, கேட்டுப் பாருங்கம்மா" என்றும் சொன்னேன். அவர்கள் எடுத்து வைத்திருந்த துணியை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள், அந்த அம்மா தன் முந்தானையை விரித்துப் பிள்ளையின் பின்னாலேயே நடந்தார். எனக்கு இப்போது ஒரு மகள் இருக்கிறாள், அவளுக்கும் பதினொரு வயது. போன மாதம் அவள் ஸ்கூல் பையில் ஒரு மாற்று உடையும் இரண்டு நாப்கினும் வைத்தபோது அந்தப் பிள்ளை ஞாபகம் வந்து கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

சரி, திறக்க வேண்டுமா வேண்டாமா? திறக்க வேண்டும். அவசரம் என்று வாய் திறந்து கேட்டுவிட்ட ஒருவரை எந்தக் கடையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பதுதான் என் கட்சி. ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்க முடியாது என்று நம் ஊரில் சொல்லாதவர்கள் கிடையாது. ஆனால் அந்தக் கதவை வாடிக்கையாளருக்குத் திறக்கும் முன், உள்ளே வேலை பார்க்கிற பெண்ணுக்கு அது முழுசாகத் திறந்திருக்க வேண்டும். தனக்கே எண்ணி எண்ணிக் கொடுக்கப்படுகிற ஒன்றை அவள் இன்னொருவருக்கு எப்படித் தருவாள்?

இதைக் கேரளத்தில் ஒரு பெண் நமக்கு முன்னாலேயே புரிந்துகொண்டு தெருவில் இறங்கினார். கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்று ஒரு கடைவீதி. நம் விளக்குத்தூண் மாதிரி துணிக்கடைகள் நெருக்கியடித்த இடம். அங்கே தையல் வேலை பார்த்தவர் விஜி. பல கட்டடங்களில் பெண்களுக்குக் கழிப்பறையே கிடையாது. பக்கத்து ஓட்டலில் போய் ஒரு டீ வாங்கிவிட்டு, அந்த டீயின் பேரில் அங்கே உள்ள கழிப்பறையைப் பயன்படுத்திவிட்டு ஓடி வருவார்கள். வாங்குகிற கூலியில் தினம் எத்தனை டீ வாங்க முடியும்? அதனால் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள், நீர்க்கடுப்பு வாங்கிக்கொண்டார்கள். விஜி 2009 வாக்கில் 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கியபோது முதல் கோரிக்கைகளில் ஒன்று மூத்திரப்புரை, அதாவது கழிப்பறை. அது நகர்ந்து, வேலை நேரத்தில் உட்கார அனுமதிக்க வேண்டும் என்ற 'இரிக்கல் சமரம்' ஆகி, 2018-ல் கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தி உட்காரும் உரிமையைக் கொடுத்தது. அந்த வருடம் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் விஜியின் பெயர் வந்தது. நானும் இன்று தையல் மிஷினில் உட்கார்ந்துதான் பிழைக்கிறேன் என்பதால் அவரைப் பற்றிப் படித்தபோது சொந்தக்காரர் ஒருவரைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது. கடைப் பெண்ணே ஓட்டல் வாசலில் வாடிக்கையாளராக நின்று பாத்ரூம் கேட்டிருக்கிறாள், பாருங்கள். கேட்கிறவள், மறுக்கிறவள் என்று இரண்டு சாதியாக நாம் பிரித்து வைத்திருக்கிறோம். தெருவுக்குத் தெரு அவர்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டிலும் 2021 செப்டம்பரில் சட்டசபையில் மசோதா வந்தது. 1947-ஆம் வருடத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, கடை ஊழியர்கள் எல்லோருக்கும் உட்கார இருக்கை வேண்டும் என்றார்கள். நான் அழுதேன், உண்மையாகவே. என் கால் நரம்பு சுருண்டது அந்த நான்கு வருடத்தில்தான். இப்போது கடைகளுக்குப் போகும்போது முதலில் ஸ்டூல் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன். சில கடைகளில் இருக்கிறது, சில கடைகளில் ஸ்டூல் மேல் துணி அடுக்கியிருக்கிறார்கள். தொழிற்சாலை என்றால் 1948-லிருந்தே ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை கட்டாயம், அது நடக்கிறதா என்று பார்க்க இன்ஸ்பெக்டர் வருவார். கடைப் பெண்ணின் பாத்ரூமுக்கும் அதே கண்டிப்பு வந்தால்தான் அந்தக் கயிறு கட்டிய நோட்டு போகும்.

வாடிக்கையாளர் பக்கம் வருவோம். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் இதற்கென்றே 2005-ல் ஒரு சட்டம் போட்டார்கள். காரணம் ஆலி பெய்ன் என்ற 14 வயதுப் பெண். அவளுக்குக் குரோன்ஸ் நோய், குடலில் புண் வந்து திடீர் திடீரென்று வயிறு முடுக்கும். அம்மாவோடு ஒரு பெரிய கடைக்குப் போன இடத்தில் முடுக்கிவிட்டது. ஸ்டாஃப் பாத்ரூம் இருந்தது, மேனேஜர் விடவில்லை. அங்கேயே உடையில் போய்விட்டது. அம்மாவும் மகளும் வீட்டுக்கு வந்து அழுது முடித்து அதோடு விட்டுவிடாமல், தங்கள் தொகுதிப் பிரதிநிதியைப் பார்த்து மசோதா எழுத வைத்தார்கள். இந்த மாதிரி நோய் உள்ளவர் கேட்டால், பொதுக் கழிப்பறை இல்லாத கடைகூட ஸ்டாஃப் பாத்ரூமை விட வேண்டும். மறுத்தால் 100 டாலர் வரை அபராதம். கடைக்காரருக்கும் அதில் பாதுகாப்பு வைத்தார்கள்: கடையில் போதுமான ஆள் இருக்க வேண்டும், போகிற வழி ஆபத்தான இடமாக இருக்கக் கூடாது, இதற்காகக் கட்டடத்தை மாற்றிக் கட்டத் தேவையில்லை. பிறகு பல மாநிலங்கள் இதை எடுத்துக்கொண்டன, அவற்றில் சில மருத்துவச் சான்றோ அட்டையோ காட்ட வேண்டும் என்றன. எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல், அந்தச் சான்று. என் அம்மா பர்ஸைத் திறந்து சர்க்கரைச் சீட்டைத் தேடி எடுத்துக் காட்டி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். நம் ஊர்ப் பெண்ணொருத்தி வெட்கத்தை விட்டு ஒரு முன்பின் தெரியாத ஆளிடம் "பாத்ரூம் எங்க இருக்கு" என்று கேட்கிறாள் என்றால், அதற்கு மேல் ஒரு சான்று வேண்டியதில்லை. கடைசி நிமிடம் வரை அடக்கிவிட்டுத்தான் கேட்டிருப்பாள்.

ஜெர்மனியில் ஆலன் என்ற ஊரில் 2000-ல் வேறொரு வழி கண்டுபிடித்தார்கள். ஊரெங்கும் புதுக் கழிப்பறை கட்டிப் பராமரிப்பதற்குப் பதிலாக, ஓட்டல்காரர்களிடமும் கடைக்காரர்களிடமும் நகராட்சி பேசியது: உங்கள் கழிப்பறையை யார் கேட்டாலும் விடுங்கள், எதுவும் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள், சுத்தம் செய்யும் செலவுக்கு மாதா மாதம் நாங்கள் ஒரு தொகை தருகிறோம். வாசலில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், பார்த்தவுடன் உள்ளே போகலாம். இருநூறுக்கும் மேற்பட்ட ஊர்களுக்கு இது பரவியது. நம் நாட்டில் தெற்கு தில்லி மாநகராட்சி 2017 ஏப்ரலிலிருந்து ஓட்டல்களின் கழிப்பறையைப் பொதுமக்களுக்கு விட வேண்டும், வேண்டுமானால் 5 ரூபாய் வரை வாங்கிக்கொள்ளலாம் என்று உத்தரவு போட்டது. ஓட்டல்காரர்கள் உடனே எதிர்த்தார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது: ஒரு ஊர் செலவில் பங்கெடுத்தது, இன்னொரு ஊர் உத்தரவு போட்டது. விளக்குத்தூணைச் சுற்றி இருக்கிற பெரிய கடைகளுக்கு மாநகராட்சி சொத்து வரியிலோ தண்ணீர் வரியிலோ கொஞ்சம் குறைத்துக்கொண்டு, "தீபாவளி, ஆடி, சித்திரைத் திருவிழா இந்த மூன்று காலத்திலாவது தரைத்தளத்தில் ஒரு பாத்ரூமைத் திறந்து வையுங்கள்" என்று கேட்கலாம். திருவிழாவுக்கு லட்சக்கணக்கில் ஜனம் வருகிற ஊர் இது, மொபைல் டாய்லெட்டை நிறுத்திச் சமாளித்துவிட முடியாது.

செலவு என்று நான் சும்மா சொல்லவில்லை. எனக்கும் இப்போது புதூரில் ஒரு சின்னக் கடை இருக்கிறது. மேட்சிங் பிளவுஸ் துணி, சேலைக்கு ஃபால்ஸ், தையல். என்னோடு இரண்டு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். கடைக்குப் பின்னால் ஒரே ஒரு பாத்ரூம், ஏழு வருடமாக யார் கேட்டாலும் விடுகிறேன். என் கடையில் எதுவும் வாங்காதவர்கள், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், எதிர்க் கடைக்கு வந்தவர்கள், கொரியர் கொண்டு வருகிற தம்பிகள், ஒரு தடவை கைக்குழந்தையோடு ஒரு திருநங்கை. அவர் நான்கு கடையில் கேட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். கஷ்டம் இல்லையா என்றால், உண்டு. முதல் வருடத்திலேயே யாரோ நாப்கினை உள்ளே போட்டுவிட்டு, குழாய் அடைத்து, கடை முழுக்க நாற்றமெடுத்து இரண்டு நாள் வியாபாரம் போனது. அப்போது என்னோடு வேலை பார்த்த பெண் முகத்துக்கு நேராகவே சொன்னாள்: "அக்கா, நீங்க நல்லது பண்றீங்க, கழுவுறது நான்." அவள் சொன்னது அவ்வளவும் நியாயம். நான் வேலை பார்த்த கடையின் முதலாளி எங்களுக்குச் செய்ததை நானே இன்னொரு வழியில் அவளுக்குச் செய்துகொண்டிருந்தேன். என் தாராளத்துக்கு அவள் முதுகு வளைந்தது. அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நாள் கழுவுவதற்கென்று ஒரு அம்மாவைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறேன், மற்ற நாள் என் முறை. அந்தப் பெண்களுக்கு முறை என்று எதுவும் இல்லை. மூடி போட்ட ஒரு குப்பைக்கூடை, பக்கத்தில் ஆணியில் குத்திய பழைய செய்தித்தாள், கதவில் நல்ல தாழ்ப்பாள், பையை மாட்ட ஒரு கொக்கி. அந்தக் கொக்கி ரொம்ப முக்கியம், பையை ஈரத் தரையில் வைக்க முடியாமல் கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்குத்தான் அது தெரியும். சம்பளம், பினாயில், தண்ணீர் எல்லாம் சேர்த்து மாதம் இரண்டாயிரத்தைத் தொட்டுவிடுகிறது. என் வருமானத்துக்கு அது கூடுதல்தான். ஆனால் என் சின்னக் கடைக்கே முடிகிறது, நான்கு மாடிக் கடைக்கு முடியாதா?

அடைப்பு என்றதும் ஒன்று சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கடைகள் பாத்ரூமைத் திறந்தால் செப்டிக் டேங்க் சீக்கிரம் நிறையும், குழாய் அடிக்கடி அடைக்கும், அப்போது சிலர் முன்பெல்லாம் செய்தது போல ஒரு ஆளைக் கூப்பிட்டு உள்ளே இறக்கப் பார்ப்பார்கள். 2013-லேயே சட்டம் அதைத் தடுத்துவிட்டது. லாரியைக் கூப்பிடுங்கள், மிஷினைக் கூப்பிடுங்கள், காசு ஆனால் ஆகட்டும். நாலு பேர் அவசரம் தீர்வதற்காக ஒருவர் குழிக்குள் இறங்குவது என்றால் எனக்கு அந்தக் கதவே திறக்க வேண்டாம்.

கடைக்காரர்களின் மற்ற பயங்களையும் நான் தள்ளிவிட மாட்டேன். திருட்டு நடக்கிறது. நான் வேலை பார்த்த காலத்தில் ட்ரையல் ரூமிலிருந்தே சேலைக்கு மேல் சேலை கட்டிக்கொண்டு போனவர்களைப் பிடித்திருக்கிறார்கள். ஸ்டாஃப் பாத்ரூமுக்குப் போகிற வழியில் குடோன் இருக்கும், பெண்களின் பையும் போனும் இருக்கும், வெளியாள் வந்து போனால் அதற்குப் பொறுப்பு யார்? நகைக் கடைக்காரர் உள்பக்கம் யாரையும் விடமாட்டேன் என்றால் எனக்குப் புரிகிறது. ஒரே ஆள் கல்லாவில் இருக்கிற பெட்டிக்கடையிலோ மருந்துக்கடையிலோ "கடையை யார் பார்க்கிறது?" என்றால் அதுவும் புரிகிறது. வயதானவர் மாடிப்படியில் வழுக்கி விழுந்தால் பழி கடை மேல் வரும். ஆனால் இந்தப் பயங்களில் பெரும்பாதி, பாத்ரூமைக் குடோனுக்குப் பின்னால், கடைசி மாடியில், இருட்டில் கொண்டுபோய் வைத்ததால் வந்தவை. கட்டடம் கட்டும்போது தரைத்தளத்தில் ஒரு எட்டடி இடம் ஒதுக்கியிருந்தால் இத்தனை பேச்சு தேவைப்படாது. புதுக் கடைகளுக்கு அனுமதி கொடுக்கிறவர்கள் அதையாவது கேட்கலாம். முகூர்த்தப் பட்டெடுக்க ஒரு குடும்பம் ஐந்து மணி நேரம் கடைக்குள் உட்கார்ந்திருக்கும், அவர்களுக்கு டீயும் கலரும் கொடுத்து உட்கார வைக்கத் தெரிந்தவர்களுக்கு அந்த டீ எங்கே போகும் என்பது தெரியாதா?

ஆண்களுக்குச் சந்து இருக்கிறது, சுவர் இருக்கிறது என்று சொல்வார்கள். ப்ராஸ்டேட் வீங்கிய என் பெரியப்பா அப்படிச் சுவரோரம் நின்று, சொட்டுச் சொட்டாக வந்து முடிவதற்குள் யாரோ ஒரு பையன் திட்டிவிட்டுப் போனதை வீட்டுக்கு வந்து சொல்லும்போது அவர் குரல் இருந்த இருப்பை நான் கேட்டிருக்கிறேன். அப்புறம் அவர் டவுனுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். இந்த மாதிரி வெளியே வருவதை நிறுத்தினவர்கள் எத்தனை பேர் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். "எனக்கு வேண்டியதை நீயே எடுத்துட்டு வந்துரு, எனக்கு எதுக்கு அலைச்சல்" என்று அவர்கள் சொல்லும்போது நாம் அதை ஆசையில்லாமை என்று எடுத்துக்கொள்கிறோம்.

அன்றைக்குப் பின்படியில் அந்தப் பெண் அம்மாவின் ஒரு கையையும் நான் மறு கையையும் பிடித்துக்கொண்டோம். ஒவ்வொரு திருப்பத்திலும் அம்மா நின்று மூச்சு வாங்கினாள். அதே பேல்கள், அதே அட்டைப்பெட்டிகள். நான் வேலையை விட்டு இத்தனை வருடமாகியும், வேறு கடையாக இருந்தும், வழி எனக்கு முன்பே தெரிந்த மாதிரி இருந்தது. மேலே கதவுக்கு முன்னால் ஒரு மேஜை. நோட்டு. அம்மா உள்ளே போனதும் அந்தப் பெண் குனிந்து எதையோ எழுதினாள். எனக்கு அந்த நோட்டைப் படிக்கத் தெரியும். அவள் தன் நம்பரைப் போட்டு, நேரம் 5.40 என்று எழுதியிருந்தாள். அதே பக்கத்தில் மேலே தேடினேன், 12.15-க்கு அதே நம்பர் ஒரு தடவை.

"உன் ரெண்டும் முடிஞ்சிருச்சேம்மா" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இது எனக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. "ராத்திரி ஹாஸ்டல்ல போய்க்கிருவேன்க்கா. யார்ட்டயும் சொல்லிறாதீங்க" என்றாள். தீபாவளி சீசனில் கடை அடைக்க ராத்திரி பதினொரு மணி ஆகும்.

அம்மா வெளியே வந்தபோது முகம் தெளிந்திருந்தது. என் பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கி, காலையிலிருந்து குடிக்காததையெல்லாம் சேர்த்துக் குடிக்கிற மாதிரி பாதிக்கு மேல் குடித்தாள். அப்புறம் வாயைத் துடைத்துக்கொண்டு பாட்டிலை அந்தப் பெண்ணிடம் நீட்டினாள். "நீயும் ரெண்டு மடக்கு குடி தாயி, இம்புட்டு வெக்கையில நிக்கிற" என்றாள்.

அந்தப் பெண் பாட்டிலைக் கையில் வாங்கினாள். நோட்டைப் பார்த்தாள். "வேணாம்மா" என்று சொல்லி மூடியைத் திருகி அம்மாவிடமே திருப்பிக் கொடுத்தாள்.